அணையில் இன்று எவ்வளவு?
தினமும் ஊருக்குக் கணக்குச் சொல்லும் ஆக்லாந்து

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3.645 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்துக்குக் குடிநீர் தரும் அணைகள் அத்தனையும் விளிம்பு வரை நிறைந்தாலும், மொத்தக் கொள்ளளவு சுமார் 9,500 கோடி லிட்டர்தான். நம் கணக்கில் 3.4 டி.எம்.சி.யை ஒட்டி வரும். நம்முடைய ஒற்றை ஏரியைவிடச் சிறிய இருப்பை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 17 லட்சம் பேர் வாழும் மாநகரம் ஒன்று ஆண்டு முழுக்கக் குழாயைத் திறக்கிறது. சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தால் 11.257 டி.எம்.சி. ஆக்லாந்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இருந்தும் 2019 ஜூன் மாதம் அந்த நான்கு ஏரிகளிலும் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

இரண்டு ஊர்களின் மழையும் மண்ணும் மக்கள்தொகையும் வேறு வேறு. ஆக்லாந்தில் மழை பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்யும். குளிர்காலத்தில் சற்றுக் கூடும். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஆனால் ஆக்லாந்திடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: இருக்கும் கொஞ்சத் தண்ணீரின் கணக்கை அந்த ஊர் தன் மக்களிடம் எப்படிச் சொல்கிறது, சொன்னபின் என்ன நடக்கிறது என்பது. அந்தக் கணக்கு எங்கெல்லாம் தவறியது என்பதும் அதே அளவுக்கு நமக்குப் பாடம்.

ஒரு பக்கத்தில் ஊரின் தண்ணீர்

ஆக்லாந்துக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் தருவது ‘வாட்டர்கேர்’ என்ற நிறுவனம். மாநகராட்சிக்கே முழுச் சொந்தமானது. நகரின் மேற்கே வைட்டாக்கெரே மலைத்தொடரில் ஐந்து அணைகள். தென்கிழக்கே ஹுனுவா மலைத்தொடரில் நான்கு பெரிய அணைகள். இவற்றில் மூத்தது 1910-ல் கட்டி முடிக்கப்பட்ட வைட்டாக்கெரே அணை. ஆகப் பெரியது 1977-ல் வந்த மாங்காட்டாங்கி. அது ஒன்றே மொத்த இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேமிக்கிறது. இவை தவிர வைக்காட்டோ ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் உண்டு. நிலத்தடி நீரும் கொஞ்சம் உண்டு.

வாட்டர்கேரின் இணையதளத்தில் இந்த அணைகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. மொத்த இருப்பு இன்று எத்தனை சதவீதம், ஒவ்வொரு அணையிலும் எவ்வளவு, இரண்டு மலைத்தொடர்களிலும் எவ்வளவு மழை பெய்தது, நகரம் ஒரு நாளில் எத்தனை கோடி லிட்டர் குடித்தது, எல்லாம் அங்கே தெரியும். அவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: ஆண்டின் இதே நாளில் வழக்கமாக இருப்பு எவ்வளவு இருக்கும் என்ற நீண்டகாலச் சராசரி.

அந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. ‘அணையில் 70 சதவீதம் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். கோடை முடிகிற நேரத்தில் அந்த 70 நல்ல செய்தி. குளிர்கால மழை முடிந்து கோடைக்குள் நுழையும் நேரத்தில் அதே 70 அபாய மணி. எண்ணோடு அதன் பொருளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பார்ப்பவர் தானே ஒரு முடிவுக்கு வர முடியும். பொறியாளருக்கு மட்டும் புரியும் மீட்டர்கணக்கில் நீர்மட்டத்தைச் சொல்லாமல், சதவீதமாகவும் சராசரியாகவும் சொல்வது மக்களை மதித்துப் பேசுகிற முறை.

இன்னொரு எண்ணும் அங்கே இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘நேற்று நாம் எவ்வளவு செலவழித்தோம்’ என்பது. அணை இருப்பு வானத்தின் கணக்கு. அதில் தனிமனிதர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றாடப் பயன்பாடு ஊரின் கணக்கு; அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தகவல் பொறுப்பாக மாறுகிறது.

1994 போட்ட சூடு

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. 1993-94-ல் ஆக்லாந்தைக் கடும் வறட்சி தாக்கியது. அணைகள் வற்றின. அவசர ஏற்பாடுகளைப் பற்றி நகரம் தீவிரமாக யோசிக்க வேண்டிய நிலை வந்தது. தெற்கே வெகுதூரத்தில் ஓடும் வைக்காட்டோ ஆற்றிலிருந்து குழாய் போடலாம் என்ற திட்டம் அந்த நெருக்கடியில்தான் வேகம் பிடித்தது. டுவாக்காவு என்ற ஊருக்கருகே சுத்திகரிப்பு நிலையம் எழுந்து, 2002-ல் அந்த ஆற்றுத் தண்ணீர் ஆக்லாந்துக்கு வந்தது.

2017 மார்ச்சில் நேர்எதிரான சோதனை. ஹுனுவா மலையில் பேய்மழை கொட்டி, மண்சரிவில் சேறும் சகதியும் அணைகளுக்குள் இறங்கின. அணையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவ்வளவு கலங்கிய தண்ணீரை ஆர்ட்மோர் சுத்திகரிப்பு நிலையத்தால் வழக்கமான வேகத்தில் தெளியவைக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் மிச்சப்படுத்துங்கள் என்று வாட்டர்கேர் கேட்டது. அணை நிறைந்திருப்பதும் குழாயில் குடிநீர் வருவதும் ஒன்றல்ல என்று ஊருக்கு அன்று புரிந்தது. அணையில் இருப்பு, சுத்திகரிக்கும் திறன், அன்றாடத் தேவை என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாத கணக்கு அரைக் கணக்குத்தான்.

2020: வீட்டுக்குள்ளே தொற்று, வெளியே வறட்சி

2019 டிசம்பர் 20 முதல் 2020 பிப்ரவரி 4 வரை 47 நாள்கள் ஆக்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழைகூட இல்லை. அந்த நகரம் பதிவு செய்த மிக நீண்ட வறண்ட இடைவெளி அதுதான். பிப்ரவரியின் வெயிலில் ஒரு நாள் பயன்பாடு 55 கோடி லிட்டரைத் தாண்டியது. சாதாரண நாளின் தேவை 43, 44 கோடி லிட்டர்தான். அணைகள் அதுவரை யாரும் பார்த்துப் பழகாத வேகத்தில் இறங்கின.

மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தார்கள். கைகழுவுவது உயிர்காக்கும் வேலையானது. அந்த நேரத்தில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சொல்வது எளிதல்ல. மே மாதத் தொடக்கத்தில் மொத்த இருப்பு 50 சதவீதத்துக்குக் கீழே போனது. 25 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்காத ஒன்று. வழக்கமாக அந்தப் பருவத்தில் முக்கால் பங்கை ஒட்டி இருக்க வேண்டிய இருப்பு, பிறகு 45 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

2020 மே 16 முதல் கட்டாயக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. வீட்டுத் தோட்டத்துக்கோ கார் கழுவவோ ஹோஸ் பைப் பிடிக்கக் கூடாது. அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரங்களால் சுவரையும் முற்றத்தையும் கழுவக் கூடாது. மீறினால் 20,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் அந்த ஊரை வழிக்குக் கொண்டுவந்தது அபராதப் பயம் அல்ல. ‘தண்ணீர் விலைமதிப்பற்றது’ என்ற பிரசாரம் தொலைக்காட்சியிலும் சாலையோரப் பலகைகளிலும் ஓடியது. குளியலை நான்கு நிமிடத்தில் முடியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நகரம் எத்தனை கோடி லிட்டருக்குள் நிற்க வேண்டும் என்று இலக்கு வைத்து, எவ்வளவில் நின்றது என்பதை மக்களுக்கே சொன்னார்கள். மக்கள் கேட்டார்கள். கட்டுப்பாடுகள் 2020 டிசம்பரில் சற்றுத் தளர்ந்து, 2021 டிசம்பரில் முழுதாக விலகின. அந்த ஒன்றரை ஆண்டில் ஆக்லாந்தின் குழாய் ஒரு நாளும் வறளவில்லை.

இதற்குப் பின்னால் அளவீடு என்ற அடித்தளம் இருக்கிறது. ஆக்லாந்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் உண்டு. எத்தனை லிட்டர் செலவோ அத்தனைக்குக் கட்டணம். வாடகைக்குக் குடியிருப்பவரும் அந்தப் பயன்பாட்டுக் கட்டணத்தைத் தானே கட்டுகிறார். மவுன்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்காம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே நடைமுறைதான். லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற நினைவோடு சென்னையிலிருந்து போனவர்களும், கிணற்று நீரையே நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. தண்ணீரின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் மொத்தக் கணக்கைத் தங்கள் வீட்டு பில்லோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு அங்கே புதிதாகக் கிடைத்தது.

சதவீதத்துக்கு வெளியே நின்றவர்கள்

இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதி முடித்தால் உண்மைக்குத் துரோகம் செய்வதாகும். அந்த வறட்சி, கணக்குக்குள் வராதவர்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஆக்லாந்து மாநகராட்சியின் எல்லை பெரிது. அதற்குள் கிராமங்களும் பண்ணைகளும் உண்டு. அங்கே பல வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து அதைத்தான் குடிக்கிறார்கள். 2020 கோடையில் தொட்டிகள் காலியாகி, லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அணை இருப்பு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்று நகரம் படித்துக்கொண்டிருந்த நாள்களிலேயே அவர்களுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. எந்தச் சதவீதத்திலும் அவர்களின் தொட்டி சேரவில்லை. ‘ஊரின் இருப்பு’ என்று ஒரு எண்ணை அறிவிக்கும்போது, ஊர் என்பதில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி ஆற்றைப் பற்றியது. அணை குறையக் குறைய ஆக்லாந்தின் கண் வைக்காட்டோவின் பக்கம் திரும்பியது. அங்கிருந்து கூடுதலாக நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர் எடுக்க வாட்டர்கேர் 2013-லேயே விண்ணப்பித்திருந்தது. அதற்கு முன்னால் நூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வரிசையில் இருந்ததால் அது ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. 2020 ஜூனில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டேவிட் பார்க்கர் அந்த விண்ணப்பத்தைத் தனி விசாரணைக் குழுவிடம் ஒப்படைத்தார். கேட்ட அளவைப் பிறகு 15 கோடி லிட்டராகக் குறைத்துக்கொண்டது வாட்டர்கேர். 2022 ஜனவரியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஹாமில்டன் நகரம், அதே ஆற்றில் தனக்கு ஒதுக்கப்பட்ட பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது.

வைக்காட்டோ ஆற்றை வைக்காட்டோ-டைனுயி என்ற மாவோரி மக்கள் தங்கள் முன்னோராகவே கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு போர் தொடுத்து அவர்களின் நிலத்தைப் பறித்தது. அந்த அநீதிக்கான தீர்வுகளில் ஒன்றாக 2010-ல் தனிச் சட்டம் வந்து, ஆற்றின் உடல்நலத்தை மீட்பது அரசின் கடமையானது. ஆற்றின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அவையில் அவர்களுக்கு இடமும் கிடைத்தது. ஆற்றில் எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது நகரத்துக்கு முதல் கேள்வி. ஆறு நலமாக இருக்கிறதா என்பது அவர்களுக்கு முதல் கேள்வி. தண்ணீர்த் தகவல் என்றால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எடுக்கும் அளவை மட்டும் வெளியிட்டு, ஆற்றில் விட்டுவைக்கும் அளவை மறைத்தால் அது கடைக்காரர் கணக்காகுமே தவிர, காப்பவர் கணக்காகாது.

அளக்காத தலைநகர்

அளவீட்டின் அருமை தெரிய வேண்டுமென்றால் அதே நாட்டின் தலைநகரைப் பார்த்தால் போதும். வெலிங்டனில் வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் பரவலாக இல்லை. பழைய குழாய்கள் மண்ணுக்கடியில் உடைந்து கசிகின்றன. சுத்திகரித்து அனுப்பும் நீரில் 40 சதவீதத்துக்கும் மேல் வழியிலேயே வீணாவதாக அந்த வட்டாரத்தின் நீர் நிறுவனமே மதிப்பிட்டது. அதுவும் மதிப்பீடுதான். எந்த வீதியில் எவ்வளவு போகிறது, அது வீட்டுச் செலவா குழாய்க் கசிவா என்று பிரித்துச் சொல்ல வீட்டு மீட்டர் இல்லை. 2023-24 கோடையில் தலைநகர் மக்கள் தண்ணீர்த் தட்டுப்பாட்டு எச்சரிக்கையோடு வாழ நேர்ந்தது. மக்களிடம் சிக்கனம் கேட்கும் நிர்வாகம் தன் குழாயில் ஒழுகுவதற்கும் கணக்குக் காட்ட வேண்டாமா என்ற கோபம் அங்கே நியாயமாகவே எழுந்தது.

எடுப்பவர் எல்லோரும் கணக்குச் சொல்ல வேண்டும்

நகரத்துக் குழாய்க்கு வெளியே, ஆற்றிலும் நிலத்தடியிலும் தண்ணீர் எடுக்கும் பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் நியூசிலாந்தில் ஒரு தேசிய விதி உண்டு. 2010-ல் வந்தது. அனுமதி பெற்று நொடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் மீட்டர் வைத்து அளந்து வட்டார நிர்வாகத்துக்குக் கணக்குத் தர வேண்டும். 2020-ல் அந்த விதி இன்னும் இறுகியது. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. நாள்தோறும் மின்னணு முறையில் அனுப்ப வேண்டும். பெரிய அளவில் எடுப்பவர்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மற்றவர்களுக்கும் விரிவது என்று ஏற்பாடு.

ஆண்டு முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் கணக்குக்கும் அன்றன்று வரும் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னது நடந்து முடிந்ததைச் சொல்லும். பின்னது நடந்துகொண்டிருப்பதைத் தடுக்க உதவும். ஆற்றில் நீர் குறையும் வாரத்தில் யார் எவ்வளவு உறிஞ்சுகிறார் என்று அந்த வாரமே தெரிந்தால்தான் கட்டுப்பாடு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

இப்படித் திரளும் தகவல்கள் வட்டார அலுவலகத்தின் கோப்புகளுக்குள் முடங்கிவிடாமல், 2014-ல் நாட்டின் வட்டார நிர்வாகங்கள் சேர்ந்து ‘லாவா’ என்ற பொதுத்தளத்தைத் தொடங்கின. ஆறு, ஏரி, நிலத்தடி நீர், கடற்கரை ஆகியவற்றின் நிலையை யாரும் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுவேறாக இருந்த கணக்கை ஒரே மொழியில் எழுதியதே அந்த முயற்சியின் பெரிய சாதனை.

குளிக்கப் போகுமுன் ஒரு பார்வை

ஆக்லாந்து கடலால் சூழப்பட்ட ஊர். மழை பெய்தால் பழைய குழாய்கள் நிரம்பி, கழிவுநீர் கடலில் கலப்பது அங்கே நெடுநாள் அவமானம். முன்பெல்லாம் கடற்கரையில் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்போது குளித்தவர்கள் குளித்து முடித்திருப்பார்கள். 2017-ல் ‘சேஃப்ஸ்விம்’ என்ற சேவை புது வடிவம் எடுத்தது. மழை, காற்று, அலை, கழிவுநீர்க் குழாய்களில் உள்ள உணரிகள் ஆகியவற்றின் தகவல்களைக் கொண்டு, இப்போது எந்தக் கடற்கரையில் இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று அந்த நேரத்துக்கே சொல்கிறது. கழிவுநீர் கலந்தது உறுதியானால் அந்த இடத்தில் கறுப்பு அடையாளம் விழும்.

தன் ஊரின் அழுக்கைத் தானே வரைபடத்தில் கறுப்பாகக் காட்டத் துணிவு வேண்டும். சுற்றுலா கெடும், பெயர் கெடும் என்று மறைக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். காட்டியதால் என்ன ஆனது? அழுக்கு எங்கே, எத்தனை முறை என்று ஊருக்கே தெரிந்தது. அந்தக் கழிவுநீரைத் தடுக்க நகருக்கடியில் தோண்டிய பிரம்மாண்டமான சுரங்கக் குழாய்க்கு ஏன் இவ்வளவு செலவு என்று மக்களுக்குத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே குறைந்தது.

2023 ஜனவரி 27: தகவல் தாமதித்த இரவு

இத்தனை கணக்கு வைத்திருந்த ஊரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தடுமாறியது. 2023 ஜனவரி 27 அன்று ஒரு கோடைப் பருவத்துக்கான மழை சில மணி நேரத்தில் கொட்டியது. சாலைகள் ஆறாகின, விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது, நான்கு பேர் இறந்தார்கள். மழைமானிகள் அளந்துகொண்டுதான் இருந்தன. மக்கள் கைப்பேசியில் எடுத்த காணொளிகள் ஊரெங்கும் ஓடின. அவசரநிலை அறிவிப்போ இரவு பத்து மணியை ஒட்டித்தான் வந்தது. நிர்வாகம் மக்களோடு பேசத் தவறியதை, முன்னாள் காவல் துறைத் தலைவர் மைக் புஷ் தலைமையிலான ஆய்வு அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதியது. அந்த அறிக்கையும் பொதுவில் வைக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. அந்த எண் அலுவலகத்தில் இருந்தது. ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றோரம் உறங்கியவர்களிடம் அதன் பொருள் நேரத்தில் போய்ச் சேரவில்லை. ‘இத்தனை கன அடி திறக்கப்படுகிறது’ என்பது பொறியாளருக்கான செய்தி. ‘உங்கள் தெருவுக்கு இத்தனை மணிக்குள் இடுப்பளவு தண்ணீர் வரும், இந்தப் பள்ளிக்குப் போங்கள்’ என்பதுதான் மக்களுக்கான செய்தி. அளவீட்டையும் எச்சரிக்கையையும் ஒன்றென்று நினைத்த ஊர்கள் இரண்டுமே அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தன.

உலகம் சொல்லும் சாட்சி

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் 2018-ல் குழாய்களை மூடும் நாளைக் குறித்துவைக்கும் அளவுக்குப் போனது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அணை இருப்பை வாரந்தோறும் சொன்னார்கள். எந்த வீடு வரம்புக்குள் நிற்கிறது என்பதை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பிருந்த பயன்பாட்டில் பாதிக்கும் கீழே நகரம் இறங்கியது. அந்த நாள் வரவே இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நீண்ட வறட்சியின்போது, ஆளுக்கு 155 லிட்டர் என்ற இலக்கை 2008-ல் வைத்து, அணைகளின் நிலையைச் சாலையோரப் பலகைகளில் காட்டியது. ஊருக்கு ஊர் முறை மாறினாலும் மூன்று ஊர்களிலும் நடந்தது ஒன்றுதான். முழு உண்மையையும் சொன்ன நிர்வாகத்தை மக்கள் நம்பினார்கள், நம்பியதால் பொறுத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

தண்ணீர்க் கணக்கை ஊர் கேட்கும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழிலும் வானொலியிலும் தேடித் தெரிந்துகொண்டுதான் டெல்டா விவசாயி நாற்றங்கால் விடுகிறார். 120 அடி, 93.47 டி.எம்.சி., ஜூன் 12 என்ற எண்கள் தஞ்சாவூர்க் குழந்தைக்கும் தெரியும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் ஒவ்வொரு கன அடிக்கும் பின்னால் காவிரி வழக்கின் நெடிய வரலாறு நிற்கிறது. அந்த ஆணையம் நாட்டின் முக்கிய நீர்த்தேக்கங்களின் நிலையை வாரந்தோறும் வெளியிடுகிறது. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழையளவு ஆகியவற்றை அன்றாடம் வெளியிடுகிறது. சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது என்றும் சொல்கிறது. இது பாராட்ட வேண்டிய நல்ல வழக்கம். ஆக்லாந்தின் பக்கத்துக்கு அது எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.

குறை எண்ணில் இல்லை. எண்ணுக்குப் பிறகு என்ன என்பதில் இருக்கிறது. ஏரிகளின் இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் இன்ன கட்டுப்பாடு, அதற்கும் கீழே போனால் இன்ன நடவடிக்கை என்று முன்கூட்டியே எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும். வறட்சி வந்தபின் அவசர அவசரமாக எடுக்கும் முடிவு யாருக்காவது சாதகமாகவும் யாருக்காவது பாதகமாகவும் தெரியும். முன்பே எழுதிவைத்த படிநிலை என்றால், மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே விதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

சென்ற ஆண்டு இதே நாளோடு ஒப்பிடுவதோடு, பல ஆண்டுச் சராசரியையும் சேர்க்க வேண்டும். சென்ற ஆண்டே வறட்சியாக இருந்தால் அந்த ஒப்பீடு நம்மை ஏமாற்றும். நகரம் நேற்று எவ்வளவு செலவழித்தது, அதில் குழாயில் எவ்வளவு, லாரியில் எவ்வளவு என்ற வரியும் வேண்டும். புறநகர்க் கிணறுகளிலிருந்து தனியார் லாரிகள் உறிஞ்சும் தண்ணீருக்கு இன்றும் மக்கள் பார்க்கும்படியான அன்றாடக் கணக்கு இல்லை. அந்தக் கிணறுகளைச் சுற்றி வாழும் கிராமங்கள், ஆக்லாந்தின் மழைத்தொட்டி வீடுகளைப் போல, சதவீதத்துக்கு வெளியே நிற்கின்றன. பெரிய அளவில் எடுப்பவர் எல்லோரும் அளந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி, 2010-லேயே ஒரு சிறிய நாட்டால் கொண்டுவர முடிந்த விதி. ஆழ்துளைக் கிணறுகளை நம்பி நகரங்களை வளர்த்த நமக்கு அது அவர்களைவிட அவசரமாகத் தேவை.

இவை எதற்கும் புது அணை கட்ட வேண்டியதில்லை. அளவைக் கருவிகளும் அலுவலர்களும் இணையப் பக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, பூண்டியும் புழலும் நிரம்பி நிற்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றே அந்தப் படிநிலை அட்டவணையை அரசு வெளியிட வேண்டும். தட்டுப்பாட்டு நேரத்தில் வெளியிடும் விதி மக்களுக்குத் தண்டனையாகத்தான் தெரியும். ஏரி நிறைந்திருக்கும்போது எல்லோர் முன்னாலும் எழுதப்படும் விதி, அரசும் மக்களும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அதைக் காப்பாற்றும்படி அரசைக் கேட்கும் உரிமையும், தானும் காப்பாற்றும் கடமையும் அன்று முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வந்துவிடும்.